மணையும் பலகையும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில் இருக்கிறது காஹாங். எண்டாவ்-ரொம்பின் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது கம்போங் பெத்தா செல்லும் மண்பாதைக்குத் திரும்புகிற இடம். எங்களுக்கு, செம்பனை சூழ நிற்கிற சின்ன டவுன். அங்கே எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம் அரிய இரண்டு கருவிகள் உண்டு. சுவரோரம் ஒருக்களித்துச் சாய்த்து வைத்திருக்கும் அம்மாவின் அரிவாள்மணை ஒன்று. சிங்க் பக்கத்தில் பலகையோடு கிடக்கும் அண்ணியின் கத்தி இன்னொன்று. மலேசியாவில் எந்த மளிகைக் கடையிலும் தொங்குகிற, தாய்லாந்தில் செய்த கிவி கத்திதான் அது. ஒரே வீட்டில் ஒரே வெங்காயத்தை இருவரும் அரிகிறார்கள். ஆனால் தட்டில் வந்து விழுவது ஒன்றல்ல.

எனக்கு இது முதலில் உறைத்தது ஒரு சார்டின் பெரட்டலின்போது. "வெங்காயத்த அரிஞ்சி வைம்மா" என்று அம்மா சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி, "வெட்டியாச்சு அத்தை" என்று தட்டை நீட்டினார். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "வெட்டித்தான் வச்சிருக்க, அரியலையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு அவை இரண்டு வேலைகள். தட்டில் இருந்தவை சதுரச் சதுரமாக, அளவெடுத்த மாதிரி அழகான துண்டுகள். அம்மா எதிர்பார்த்தது நீளநீளமாக, பிறை வடிவில், ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து வரும் இழைகளை.

வெங்காயத்தை என்ன செய்கிறோம் என்பதற்குத் தமிழில் இருக்கும் சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிகிறோம், நறுக்குகிறோம், வெட்டுகிறோம், சீவுகிறோம், கீறுகிறோம், கொத்துகிறோம், தட்டிப் போடுகிறோம், நசுக்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. ஒரு கருவியும் உண்டு. அரிவது என்றால் கூரான விளிம்பில் பொருளை இழுத்து, மெல்லியதாகப் பிரித்தெடுப்பது. கதிர் அரிகிறோம், கீரை அரிகிறோம். கருவிக்கும் அதனால்தான் அரிவாள் என்று பேர். கொத்துவது மேலிருந்து கீழே அடுத்தடுத்து இறங்கும் வெட்டு. கொத்து பரோட்டா போடுகிறவரின் கையைப் பார்த்தால் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். அம்மா 'அரி' என்று சொன்னபோது வடிவத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லில் அண்ணிக்கு வடிவம் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் வளர்ந்த வீட்டில் அரிவாள்மணையே இல்லை.

அரிவாள்மணையைப் பார்த்தே இராத பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கனத்த மரப்பலகை, அதுதான் மணை. அதன் ஒரு முனையில் மேலே எழும்பி வளைந்து நிற்கும் இரும்பு அலகு. அலகின் நுனியில் பல் வைத்த வட்டம், தேங்காய் துருவ. தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து, மறு காலைக் குத்துக்காலிட்டு, மணையைத் தொடையாலோ பாதத்தாலோ அழுத்திக்கொள்ள வேண்டும். அலகு அசையாது. காய்தான் அதை நோக்கிப் போகும். இது நமக்கு மட்டும் உரியதும் அல்ல. தெலுங்கர்களுக்குக் கத்திபீட்ட, கன்னடர்களுக்கு ஈளிகெ மணெ, மராத்தியருக்கு விளி, வங்காளிகளுக்குப் போட்டி. தமிழர்களும் தெலுங்கர்களும் கலந்து வாழ்ந்த தோட்டத்து லயங்களில் இந்தப் பொருள் யாருக்கும் அந்நியமாக இருந்திருக்காது.

கத்திக்கும் பலகைக்கும் இது நேர் தலைகீழ். அங்கே வெங்காயம் அசையாமல் இருக்கிறது, இரும்பு நகர்கிறது. மணை என்பதும் பலகைதான். ஆனால் அதன்மேல் ஆள் உட்காருகிறார். வெட்டும் பலகையில் வெங்காயம் உட்காருகிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

முதலில் கைகளைப் பார்ப்போம். கத்தி பிடித்தவருக்கு ஒரு கைதான் வெங்காயத்தின் மேல் இருக்கும். அந்தக் கையின் விரல் நுனிகளை உள்ளே மடித்து, கணுவைக் கத்தியின் பக்கவாட்டில் ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் போகும். அரிவாள்மணையில் இரண்டு கையும் வெங்காயத்தைத்தான் பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதால் தோலுக்குத் தோல் வழுக்குவதில்லை. வெங்காயம் என்பது உண்மையில் ஒரே கட்டி அல்ல. உணவைச் சேமித்துத் தடித்துப்போன இலை அடிகள் ஒன்றன்மேல் ஒன்று போர்த்தியிருப்பது. அவற்றைக் கட்டி வைத்திருப்பது வேர்ப்பக்கத்துக் கட்டை ஒன்றுதான். அதை முதலில் வெட்டி எறிந்தால் கட்டு அவிழ்ந்துபோகும். நல்ல சமையல்காரர் எந்தக் கருவி பிடித்தாலும் வேர்க்கட்டையைக் கடைசிவரை விட்டு வைப்பார். அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. அவர் அந்தக் கட்டையைத்தான் பிடியாகப் பிடித்துக்கொள்வார்.

சின்ன வெங்காயத்துக்கு வந்தால் போட்டியே இல்லை. கோலிக்குண்டு அளவு வெங்காயம் பலகையில் உருளும். ஒவ்வொன்றாக நிறுத்தி, பாதியாக்கி, தட்டைப் பக்கத்தைக் கீழே போட்டு, பிறகு அரிய வேண்டும். அம்மா மூன்று நான்கைச் சேர்த்து விரலிடுக்கில் பிடித்து அலகில் ஓட்டுவார். அரிந்தவை கீழே வைத்த தட்டில் தாமாகவே விழும்; அள்ளி வழிக்கிற வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் அரியச் சொல்லிப் பார்த்தேன். அண்ணி கைவேகம் உள்ளவர். அப்படியும் அம்மா தட்டைத் தள்ளி வைத்து, கையைத் துடைத்து, மணையைச் சுவரோரம் சாய்த்த பிறகும் அண்ணியின் கிண்ணத்தில் கால்வாசி மீதியிருந்தது.

அடுத்துப் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கச் சொன்னேன், வடைக்கு. இதில் அண்ணி வென்றார். வேகத்தில் மட்டுமல்ல, துண்டுகளின் ஒழுங்கிலும். அம்மா பாதி வெங்காயத்தை எடுத்து, வேர்வரை போகாமல் பத்துப் பன்னிரண்டு கீறல், பிறகு கால்திருப்பம் திருப்பிக் குறுக்கே கீறல், கடைசியில் அலகில் சீவித் தள்ளுவது என்று மூன்றாகச் செய்தார். பலகையில் செய்வதும் இதே கணக்குத்தான். ஆனால் அந்தரத்தில் பிடித்துச் செய்வதால் கீறல் ஒரே இடைவெளியில் விழவில்லை. அலகு தடித்தது என்பதும் ஒரு காரணம். தடித்த இரும்பு உள்ளே இறங்கும்போது ஆப்புப் போல அடுக்குகளைப் பிளந்து தள்ளுகிறது. தகடு போல் மெலிந்த கிவி கத்தி தடமே இல்லாமல் நுழைந்துவிடும். பொடி நறுக்கலில் அரிவாள்மணைக்காக வாதாட எனக்கு மனமில்லை.

பொடி நறுக்கலைக் கணிதமாகவே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாதி வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்து நேர் கீழாகவே வெட்டிக்கொண்டு போனால், ஓரத்தில் விழும் துண்டுகள் நீண்டு, நடுவில் உள்ளவை குட்டையாகிவிடும். எல்லா வெட்டையும் மையத்தை நோக்கிச் சாய்த்தால் வெளித்துண்டு பெரிதாகவும் உள்துண்டு ஊசியாகவும் வரும். அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் சொன்ன வழி, மையத்துக்கும் கீழே, பலகைக்கு அடியில், வெங்காயத்தின் ஆரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஆழத்தில் ஒரு புள்ளி இருப்பதாக நினைத்து, அதை நோக்கிக் கத்தியைச் சாய்ப்பது. டைலன் போல்சன் என்ற கணிதப் பேராசிரியர் அடுக்குகள் எண்ணற்றவை என்று வைத்துக் கணக்கிட்டு அந்த ஆழத்தை 0.557 என்று கண்டார். இதைப் படித்த பிறகு அம்மாவின் மணிக்கட்டைக் கவனித்தேன். நீளவாக்கில் அரியும்போது ஒவ்வோர் இழைக்கும் வெங்காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போகிறார். நேர் வெட்டும் இல்லை, மையத்தை நோக்கிய வெட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வு. இழைகள் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் வந்ததற்கு அதுதான் காரணம். பலகையில் வெங்காயம் அசையாது என்பதால் கத்தியைச் சாய்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மணையில் அந்தச் சாய்வு கையோடு வந்துவிடுகிறது.

இனி, கண் கரிப்பது. வெங்காயத்தின் உயிரணுக்களுக்குள் கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும் அதை உடைக்கும் நொதி இன்னொரு பக்கமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இரும்பு பட்டு அறை உடைந்தால் இரண்டும் கலக்கும். அதில் பிறக்கும் அமிலத்தை இன்னொரு நொதி கண்ணைக் கரிக்கும் ஆவியாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது நொதி இருப்பதை ஜப்பானின் ஹவுஸ் ஃபூட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்து 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதுவரை முதல் நொதியே எல்லாவற்றையும் செய்கிறது என்று நம்பப்பட்டது. பூண்டில் அந்த இரண்டாவது நொதி இல்லை. பூண்டு உரிக்கும்போது மணம் தூக்கினாலும் கண் கலங்குவதில்லை. 2025இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அதிவேகக் கேமரா வைத்து வெங்காயம் வெட்டுவதைப் படம் பிடித்தார்கள். மழுங்கிய அலகு தோலை உடனே அறுக்காமல் அழுத்துகிறது, உள்ளே நெருக்கம் ஏறுகிறது, தோல் பிளக்கும்போது சாறு துளித்துளியாகத் தெறிக்கிறது என்று காட்டினார்கள். மழுங்கிய அலகும் வேகமான வெட்டும் தெறிப்பைக் கூட்டுகின்றன.

இதைக் கொண்டு எங்கள் வீட்டுக் கருவிகளை எடை போட்டால் முடிவு கருவியைவிடச் சாணையைச் சார்ந்திருக்கிறது. அரிவாள்மணையில் வெங்காயம் வளைந்த விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தம் குறைவு, இழுப்பு அதிகம். வேகமும் குறைவு. ஆனால் முகம் குனிந்து நேர் மேலே இருக்கிறது. பலகையில் நின்று வெட்டுகிறவருக்கு முகம் எட்டி இருக்கிறது. ஆனால் கத்தியை மேலிருந்து குத்தி இறக்குகிற பழக்கம் வீட்டில் பலருக்கும் உண்டு. கத்தியும் மாதக்கணக்கில் சாணை பார்க்காதது. அம்மா தம் அலகைக் கல்லில் தேய்த்து, நகத்தில் வைத்துப் பார்த்துத்தான் உட்காருவார். இரும்பு அலகு என்பதால் ஈரத்தோடு விட்டால் காஹாங்கின் புழுக்கத்தில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். துடைப்பதும் தேய்ப்பதும் கூடவே வந்தாக வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி அப்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, அதனால்தான் மழுங்கிக் கிடக்கிறது. அண்ணியின் கத்தியை ஒரு நாள் பீங்கான் கிண்ணத்தின் அடி விளிம்பில் நன்றாகத் தீட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கண்ணைத் துடைக்கவேயில்லை.

வெட்டின் வடிவம் குழம்பை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய விஷயம். வெங்காயத்தின் நார் தலையிலிருந்து வேருக்கு ஓடுகிறது. அதன் போக்கிலேயே நீளவாக்கில் அரிந்தால் உடையும் அணுக்கள் குறைவு. இழை வெந்த பிறகும் உருவம் குலையாது. நாரைக் குறுக்கே அறுத்து வளையமாக்கினால் சாறு அதிகம் விடும், காரம் கூடும், சீக்கிரம் குழையும். சார்டின் பெரட்டலில் மீன் ஏற்கெனவே டின்னிலேயே வெந்து மெத்தென்று இருக்கிறது. வெங்காயமும் பொடியாகிக் கரைந்துவிட்டால் அது வெறும் கூழ். பிறை இழைகள் எண்ணெயில் வதங்கி, ஓரம் சிவந்து, மீன் துண்டைச் சுற்றி நிற்கும்போதுதான் அது பெரட்டல் ஆகிறது. அதிகாலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டிய தோட்டத்துத் தாய்மார்களுக்கு ஒரு டின் மீனை வீடு முழுக்கப் பரிமாறும்படி பெருக்கிக் கொடுத்தது இந்த வெங்காய இழைதான். அன்று அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

நெத்திலிச் சம்பலுக்கு இரண்டும் வேண்டும். பாதி வெங்காயத்தை ஊறிய காய்ந்த மிளகாயோடு அரைக்க வேண்டும். அது குழைந்து எண்ணெய் பிரியும். மீதியை வளையமாக அரிந்து கடைசியில் போட வேண்டும், கடிபட. வறுத்த சின்ன வெங்காயம், மலாய்க்காரர்கள் பாவாங் கோரேங் என்பார்களே, அதற்குச் சீரான கனம்தான் உயிர். ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் மெலிந்தது கருகும்போது தடித்தது பச்சையாக இருக்கும். கருகியதன் கசப்பு மொத்தத்தையும் கெடுக்கும். இந்தச் சீரைக் கூரான மெல்லிய கத்தி தருகிறது. அரிவாள்மணையில் கொண்டுவர நீண்ட கைப்பழக்கம் வேண்டும். முட்டைப் பொரியலுக்கும் வடைக்கும் பொடி. தயிர்ப் பச்சடிக்கு நீளவாக்கில் மெலிசாக. வற்றல் குழம்புக்கும் சாம்பாருக்கும் சின்ன வெங்காயத்தை அரியவே கூடாது என்பது என் பிடிவாதம். முழுசாக வதக்கினால் அறைகள் உடையும் முன்பே சூடு நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். காரம் பிறக்கவே வழியில்லாமல் இனிப்பு மட்டும் மிஞ்சும். அந்த இனிப்புக்காகத்தான் புளிக்குழம்பில் அதைத் தேடித் தேடி எடுத்துத் தின்கிறோம்.

கயிற்றை இழுத்தால் சுழலும் பிளாஸ்டிக் டப்பா பசார் மாலாமில் கிடைக்கிறது. அதில் போட்டால் தூளும் துண்டமும் தண்ணீருமாக வருகிறது. அரைக்கப் போகிற வெங்காயத்துக்குச் சரி. அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்து ஜாவா வழி மலாய்க் குடும்பங்களில் கல்யாண வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் கூடி வேலை செய்வதை ரேவாங் என்பார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, மணையும் இல்லாமல் பலகையும் இல்லாமல், சின்னக் கத்தியைக் கையில் பிடித்துக் கட்டைவிரலை நோக்கி இழுத்து இழுத்து வெங்காயம் சீவுவார்கள். நம் பக்கமும் கோயிலில் ஆடிக் கஞ்சி ஊற்றும்போது ஆளுக்கொரு அரிவாள்மணை கொண்டுவந்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. தரை எத்தனை பேருக்கும் இடம் கொடுக்கும். கேபினட் மேடைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவருகேதான் நிற்க வேண்டும். லயத்து வீட்டில் அடுப்பும் தரையில், அம்மியும் தரையில், அரிவதும் தரையில். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, தரைவீட்டில் இடுப்பளவு மேடை கட்டியபோது அடுப்பு மேலே ஏறியது. அதன் பிறகு வெங்காயத்துக்காக மட்டும் யார் கீழே உட்காருவார்கள்? அரிவாள்மணை ஒதுங்கியதற்குக் கத்தியின் மேன்மை காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடுப்பு இடம் மாறியதுதான் காரணம்.

ஆனால் அந்த மாற்றத்தில் நல்லதும் நடந்திருக்கிறது. எங்கள் அப்பா ஒரு நாளும் அரிவாள்மணையில் உட்கார்ந்ததில்லை; அது பெண்பிள்ளை உட்காரும் இடம் என்று யாரும் சொல்லாமலேயே வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் பலகையும் கத்தியும் எடுத்துக்கொண்டு மேடையோரம் நின்று தினமும் வெங்காயம் வெட்டுகிறார். அவரை மணையில் உட்காரச் சொன்னால் இன்றும் கூச்சப்படுவார். தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் நிமிர்ந்து நிற்கும் அலகு எத்தனை ஆபத்து என்பதும் உண்மை. வேலை முடிந்ததும் மடக்க வேண்டும், மடங்காததைச் சுவரைப் பார்க்கச் சாய்க்க வேண்டும், யாரும் தாண்டக் கூடாது என்று அத்தனை கட்டுப்பாடுகளும் ஒரு நொடி மறதிக்கு முன் நிற்காது. அண்ணிக்குப் பிள்ளை பிறந்த வருடம் மணையைத் தாமாகவே பரண்மேல் ஏற்றச் சொன்னவர் அம்மாதான்.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. மேடை விளிம்பில் திருகிப் பொருத்துகிற எஃகு அரிவாள்மணை ஒன்றைத் தம்பி வாங்கி வந்தான். அம்மா நின்றபடி இரண்டு வெங்காயம் அரிந்து பார்த்தார். "கால் வைக்க எடமில்லியே" என்றார். உட்கார்ந்து அரியும்போது மணையை அழுத்துகிற காலிலிருந்துதான் கைக்குப் பலம் வருகிறது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்; நின்றால் தோள் மட்டுமே வேலை செய்கிறது. இரண்டாவது நாள் அவர் அதைத் தொடவில்லை.

வேறு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணியின் கிவி கத்தியைக் கூர் மேலே பார்க்க இடது கையில் நிறுத்தி, பிடியைப் பலகையில் ஊன்றி, வெங்காயத்தை வலது கையால் அதன்மேல் இழுக்கிறார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதைக்கிறது. இழைகள் பழையபடியே நீளமாக, பிறை பிறையாக விழுகின்றன. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஈரத்துணி ஒன்றை மடித்துக் கொண்டுவந்து பலகைக்கு அடியில் வைத்தார், பிடி வழுக்காமல் இருக்க.